நேசையன் நேரம்

நாகர்கோவிலுக்கு வெளியே இருந்த வாட்லி துரை நினைவுக் கல்லூரியில் ஒரு நாளைக்கு இருபத்தொன்பது மணி நேரம் இருந்தது. ஊரில் மற்ற எல்லோருக்கும் இருபத்து நாலுதான். திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் இருபத்து நாலுதான். 1931-ஆம் வருஷத்தில் இந்த உண்மையைக் கண்டுபிடித்தவன் இன்டர்மீடியட் இரண்டாம் வருஷம் படித்த நேசையன். கண்டுபிடிப்போம் என்று அவன் கிளம்பவில்லை. தனக்கு மட்டும் ஏன் உறங்க நேரம் கிடைப்பதில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின்போது பாட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் பென்சிலால் கூட்டிப் பார்த்தான், அவ்வளவுதான்.

ஒரு மணி வகுப்புக்கு இரண்டு மணி படிக்கவேண்டும் என்றார் ஆங்கில ஆசிரியர். கணக்குப் பேராசிரியர் ததேயுஸ் மூன்று மணி என்றார். சரித்திர ஆசிரியர் சாதுவான மனுஷர். மற்றப் பாடங்களைப் படித்து முடித்தபின் மீதியுள்ள நேரம் முழுவதையும் எனக்குத் தந்தால் போதும் என்று கேட்டுக்கொண்டார். இது போக விடியற்கால ஜெபம், கட்டாயத் தோட்டவேலை, கட்டாய விளையாட்டு, மதுவிலக்குச் சங்கம், சொற்போர்ச் சங்கம், படுக்கைக்கு முந்தின ஜெபம். பந்தை உதைப்பதற்கு முன்னும் ஒரு ஜெபம், பின்னும் ஒரு ஜெபம். பின்னால் வருகிற ஜெபம் தோற்ற பக்கத்துக்குக் கொஞ்சம் நீளம்.

எல்லாம் சேர்ந்துதான் அந்த இருபத்தொன்பது. சாப்பாட்டையும் குளியலையும் நேசையன் அதில் சேர்க்கவில்லை. உறக்கத்தைச் சேர்க்க அவனுக்கே வெட்கமாக இருந்தது.

நேசையனின் அக்கா லீலாபாய் இராஜாக்கமங்கலத்தில் வீட்டிலிருந்தபடியே லேஸ் பின்னுகிறவள். பின்னியதைச் சனிக்கிழமை தோறும் மிஷன் காம்பவுண்டில் கொண்டுவந்து கொடுப்பாள். தாயும் தகப்பனும் போனபிறகு அவள் விரல்தான் அவனைப் படிக்கவைத்தது. மணவாளக்குறிச்சிப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராயிருந்த ஜான்ரோசுக்கு அவளைப் பேசி முடித்து இரண்டு வருஷமாகிறது. தம்பி இன்டர்மீடியட் பாஸாகி ஒரு சர்க்கார் வேலையில் உட்கார்ந்தால்தான் தாலி என்று அவள் சொல்லிவிட்டாள். ஜான்ரோஸ் நல்ல மனுஷன், காத்திருந்தார். ஆனாலும் நேசையனை எங்கே பார்த்தாலும், "பரீட்சை எப்ப தம்பி?" என்று கேட்காமல் விடமாட்டார்.

அந்தச் சனிக்கிழமை கல்லூரி வாசலில் தம்பியைப் பார்த்ததும் லீலாபாய் திடுக்கிட்டாள்.

"ஏலே மக்கா, கண்ணு என்ன இப்பிடி செவந்து கெடக்கு? ராவெல்லாம் இருந்து படிக்கியா?"

"படிக்க எங்கக்கா நேரம்?"

"படிக்கத்தானலே உன்ன இங்க விட்டிருக்கு?"

"எல்லாத்துக்கும் நேரம் வச்சிருக்காங்கக்கா. படிக்கதுக்குத்தான் வைக்கல."

லீலாபாய் மடியிலிருந்து ஒரு பொட்டலம் அவித்த கிழங்கை எடுத்துக் கொடுத்தாள். அவன் அதை வாயில் வைப்பதற்குள் மதுவிலக்குச் சங்கத்துக்கு மணி அடித்துவிட்டது. வாழ்நாளில் கள்ளின் வாசனைகூட அறியாத அறுபது பையன்கள் இனிமேலும் குடிப்பதில்லை என்று வாரா வாரம் எழுந்து நின்று சத்தியம் செய்கிற சங்கம் அது.

தன் கூட்டலை நேசையன் பேராசிரியர் ததேயுசிடம் கொண்டுபோய்க் காட்டினான். ததேயுஸ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழாக ஒரு தரமும் கீழிருந்து மேலாக ஒரு தரமும் கூட்டிப் பார்த்தார்.

"கூட்டல் சரி," என்றார். "விடைதான் தப்பு."

விஷயம் பிரின்சிபால் ஹார்க்னெஸ் துரை வரைக்கும் போயிற்று. துரை உடனே மாணவர் நேரச் சீரமைப்புக் கமிட்டி என்று ஒன்றை நியமித்தார். கமிட்டி கூட இரண்டு மாதம் ஆயிற்று, ஏனென்றால் அங்கத்தினர் ஒருவருக்கும் நேரமில்லை. கூடின அன்று ஆரம்ப ஜெபத்தில் ததேயுஸ் உலக நாடுகளை ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்தார். அவர் ஆசியாவுக்கு வந்து சேரும்போது பாதிக் கூட்டம் முடிந்துவிட்டது. நேசையன் ஓர் ஓரமாக நின்றுகொண்டிருந்தான்.

முதலில் ஆங்கில ஆசிரியர் எழுந்தார். "நான் அதிகமாகக் கேட்கிறேன் என்று யாரும் சொல்லமுடியாது. இரண்டே மணி. கணக்குப் படிக்கிற நேரத்தைக் குறைத்தால் நாலு மணியாக்கிக்கொள்ளவும் நான் தயார்."

"கணக்கைக் குறைத்தால் பையன் நேரத்தைக் கூட்டவே தெரியாமல் போய்விடுவான்," என்றார் ததேயுஸ்.

"தெரிந்துகொண்டதால்தானே இந்தக் கூட்டம்?" என்றார் சரித்திர ஆசிரியர்.

கடைசியில் துரை எழுந்தார். அவர் தமிழை வேதாகமத்திலிருந்தே கற்றுக்கொண்டவர்.

"பிள்ளாய், நேரமில்லை என்று சொல்லாதே. நான் ஸ்காட்லாந்து தேசத்திலே வாசித்த நாட்களில் பனியின்மேல் நடந்துபோவேன், நடக்கையில் கிரேக்கு பாஷை படிப்பேன், படிக்கையில் ரொட்டி புசிப்பேன். நித்திரை இன்னதென்று நான் அறியேன். இருபத்துநாலு மணி நேரம் என்பது சோம்பேறிகளுக்காக ஏற்பட்ட அளவு. உற்சாகமுள்ளவனுக்கோ நாள் நீளும்."

துரை நித்திரையை அறியாதவர் என்பது கல்லூரி முழுக்கத் தெரிந்ததுதான். மத்தியானம் சாப்பிட்டதும் அவர் பங்களாவில் தியானத்தில் அமர்ந்துவிடுவார். அப்போது ஜன்னல்களெல்லாம் சாத்தியிருக்கும். அந்தப் பக்கம் யாரும் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது. மணி அடிக்கிற பியூன் பகவதியப்பன் ஒரு நீளக் கம்போடு வேப்பமரத்தடியில் நின்று காக்கைகளை ஓட்டிக்கொண்டிருப்பார். தியானம் முடிந்து துரை வெளியே வரும்போது கன்னத்தில் தலையணை உறையின் தையல் பதிந்திருக்கும்.

கமிட்டி ஏகமனதாக ஒரு முடிவுக்கு வந்தது. நேரம் போதவில்லை என்று சொல்கிறவர்களுக்கு நேரத்தை மிச்சப்படுத்தத் தெரியவில்லை. ஆகவே 'நேரத்தை மிச்சப்படுத்துவது எப்படி' என்ற பொருளில் தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் கட்டாயச் சொற்பொழிவு. அதற்கு இன்னொரு மணி வீட்டுப்பாடமும் உண்டு.

இப்படியாக நேசையனின் நாள் முப்பத்தொரு மணி ஆயிற்று. விடுதிப் பையன்கள் அவனை அடிக்காமல் விட்டதற்கு ஒரே காரணம், அதற்கும் அவர்களுக்கு நேரமில்லை.

அந்தச் சொற்பொழிவின் முதல் நாளே நேசையன் உறங்கிவிட்டான். இரண்டாம் நாள் இன்னும் சிலர். ஒரு வாரத்தில் வகுப்புகளிலும் தலைகள் சாய ஆரம்பித்தன. கமிட்டி மறுபடியும் அவசரமாகக் கூடி ஒரு சட்டம் போட்டது: வகுப்பில் உறங்குகிற மாணவன் வராத மாணவனாகக் கருதப்படுவான். அப்படி வருகை குறைந்தவனுக்குப் பரீட்சை எழுத அனுமதி கிடையாது. பெஞ்சில் கண்முன்னே உட்கார்ந்திருக்கிற பையனைப் பார்த்து ததேயுஸ், "நேசையன் வரவில்லை," என்று எழுதிக்கொண்டார். விழித்த நேசையன், "வந்திருக்கேன் சார்," என்றான். "இப்போதுதானே வருகிறாய்?" என்றார் அவர்.

டிசம்பர் விடுமுறைக்குள் அவன் பேர் பரீட்சைக்கு ஆகாதவர்கள் வரிசையின் விளிம்புக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரு வாரம் உறங்கினால் தீர்ந்தது. லீலாபாயின் முகமும், காத்திருந்து காத்திருந்து முன்தலை வழுக்கையாகிவிட்ட ஜான்ரோசின் முகமும் அவன் நினைவில் வந்துகொண்டே இருந்தன. அவன் பயந்தான். நாலு பேருக்குச் சொல்லமுடியாத பயம். விரலைக் கடித்தான், கண்ணில் வெங்காயம் தேய்த்தான். வெங்காயத்தோடு சேர்ந்து அழுதான். கண் எரிந்தபடியே உறங்கினான்.

ஒருநாள் மத்தியானம் வேப்பமரத்தடியில் பகவதியப்பனிடம் அவன் புலம்பினான்.

"அண்ணாச்சி, துரை நெசமாவே தியானமா பண்ணுகாரு?"

பகவதியப்பன் ஒரு காக்கையை ஓட்டிவிட்டுத் திரும்பினார். "கண்ண மூடிக்கிட்டு இருக்காரு. மூக்குலேருந்து சத்தம் வருகு. தியானம்னுதான் எனக்குச் சொல்லியிருக்கு, நானும் அப்பிடித்தான் எல்லாருக்கும் சொல்லுகேன்."

நேசையனுக்கு அன்று சாயங்கால ஜெபத்தில்தான் அது உறைத்தது. எல்லோரும் முழங்காலில் நின்று, முன்பெஞ்சில் நெற்றியை வைத்து, கண்களை மூடியிருந்தார்கள். ஜெபத்தில் ஒருவன் உறங்குகிறானா என்று பார்க்கவேண்டுமானால் பார்க்கிறவன் கண்ணைத் திறக்கவேண்டும். கண்ணைத் திறந்தால் அவன் ஜெபிக்கவில்லை. ஜெபிக்காதவன் அடுத்தவனைக் குற்றம் சொல்ல எப்படி வாய் திறப்பான்? இவ்வளவு பெரிய கல்லூரியில், இவ்வளவு சட்டங்களுக்கு நடுவில், கண்ணை மூடினால் குற்றமில்லாத இடம் இது ஒன்றுதான்.

அவன் நெற்றியைப் பெஞ்சில் வைத்தான். ஆமென் சொல்லி எல்லோரும் எழுந்து போனபிறகும் அவன் எழுந்திருக்கவில்லை. விளக்கணைக்க வந்த பகவதியப்பன் துரையைக் கூட்டிவந்து காட்டினார். துரை வெகுநேரம் வாசலில் நின்று பார்த்தார். பிறகு நுனிக்காலில் நடந்து வந்து அவன் தோளைத் தொட்டார்.

"போதும் மகனே. இந்த இராத்திரிக்கு இவ்வளவு போதும்."

நேசையன் முகத்தைத் தூக்கினான். கண்கள் சிவந்து, கன்னம் ஈரமாயிருந்தது. பெஞ்சில் வழிந்தது எச்சில் என்று துரைக்குத் தோன்றவேயில்லை.

மறுநாளிலிருந்து நேசையன் எல்லா ஜெபக் கூட்டத்துக்கும் முதல் ஆளாகப் போனான். விடியற்கால ஜெபம், மத்தியான ஜெபம், மிஷனரிகளின் சுகத்துக்கான விசேஷ ஜெபம், மழைக்காக ஒன்று, மழை நிற்பதற்காக ஒன்று. ஒரு வாரத்தில் முகம் தெளிந்தது. வகுப்பில் கண் திறந்திருந்தான். கணக்குக்கூடப் புரிந்தது. ரகசியம் விடுதியில் பரவ எத்தனை நேரமாகும்? கல்லூரியின் வேதக்கோவில் நிரம்பி வராந்தாவிலும் பையன்கள் முழங்காலில் நின்றார்கள். வகுப்புகளை விட்டுவிட்டு ஜெபிக்கிறோம் என்று அனுமதி கேட்டு வந்தார்கள். எங்கே இந்த அக்கினி அணைந்துவிடுமோ என்று துரை அனுமதி கொடுத்தார்.

நேசையனின் அறைக்கூட்டாளி வைகுண்டராஜன் கிறிஸ்தவனல்ல, சாமிதோப்பு அய்யாவைக் கும்பிடுகிற அய்யாவழிக்காரன். அவன் துரையிடம் நேரே போய், "சார், எங்களுக்கும் இடம் உண்டா?" என்று கேட்டான். துரை பூரித்துப்போனார். அன்றைக்கே சீமைக்கு ஒரு கடிதம் எழுதினார். கல்லூரியில் மகத்தான பக்தி எழுப்புதல் உண்டாயிருக்கிறது, பையன்களை முழங்காலிலிருந்து எழுப்புவதே பெரும் பாடாயிருக்கிறது என்று.

"வைகுண்டம், நீ எதுக்குலே வந்த?" என்று நேசையன் கேட்டான்.

"சாமிதோப்பு அய்யா மேல சத்தியமா ஒறங்கத்தான் வந்தேன். உங்க கர்த்தர் கோவிச்சுக்கிட மாட்டாருல்லா?"

"என்ன ஒண்ணும் சொல்லல இதுவர."

"அப்ப நல்ல ஆளுதான்."

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. நேசையனுக்குப் பரீட்சைக்கு அனுமதியும் கிடைத்தது. ஒரே ஒரு தொந்தரவு. ஜெபம் என்ற சொல் காதில் விழுந்தால் போதும், வேளை, இடம் எதுவும் பாராமல் கண் சொருக ஆரம்பித்தது. சாப்பாட்டுக்கு முந்தின நாலு வரி ஜெபத்தில் ஒருநாள் நேசையனின் நெற்றி ரசத்தில் முழுகிற்று. வைகுண்டராஜனுக்கும் அதே கதிதான். சித்திரைத் திருநாளுக்கு ஊருக்குப் போனவன், அய்யாவழிக் கோவிலான பதியில் எல்லோரும் பாடிக்கொண்டிருக்க, பக்கத்தில் யாரோ ஜெபம் என்று எதற்கோ சொன்னதைக் கேட்டு அங்கேயே சாய்ந்துவிட்டான்.

இப்படிச் சொல்லும்போது மார்ச் மாதத்தைத் தாண்டிவிட்டேன். கதை திரும்பி மார்ச்சுக்குத்தான் போகவேண்டும், பரீட்சை அப்போதுதான்.

கணக்குப் பரீட்சை அன்று மத்தியானம். நேசையன் நன்றாகப் படித்திருந்தான், எல்லாக் கணக்கும் கையில் நின்றது. ஹாலில் வைகுண்டராஜன் அவனுக்குப் பக்கத்து இடம்.

"ஏலே, துரை ஜெபம்னு ஆரம்பிச்சா என்ன நுள்ளிவிடு," என்றான் நேசையன்.

"நீ என்ன நுள்ளு."

"ரெண்டு பேரும் நுள்ளுவோம்."

கேள்வித்தாள் கொடுத்தாயிற்று. நேசையன் ஒரு பார்வை பார்த்தான். ஆறு கணக்கு தெரியும். ஐந்து போட்டால் பாஸ். அக்காவின் கல்யாணம் அந்தத் தாளில் கிடந்தது. பரீட்சையை மேற்பார்வையிட்ட ஹார்க்னெஸ் துரை மேடையில் எழுந்தார்.

"ஜெபம் செய்வோமாக."

நேசையனின் கை வைகுண்டராஜனின் தொடையைக் கிள்ளப் போயிற்று. வைகுண்டராஜனின் கையும் புறப்பட்டது. இரண்டும் பாதி வழியில் தொய்ந்து விழுந்தன.

துரை சக்கரவர்த்திக்காக ஜெபித்தார், மகாராஜாவுக்காக ஜெபித்தார், சென்னை சர்வகலாசாலையாருக்காக ஜெபித்தார், இந்தப் பிள்ளைகள் ஒரு நிமிஷத்தையும் வீணாக்காதிருக்க வெகு உருக்கமாக ஜெபித்தார். ஆமென் என்று கண்ணைத் திறந்தபோது ஹால் முழுவதும் நெற்றிகள் மேஜைமேல் கிடந்தன. ஒரு பேனாவும் அசையவில்லை. காவலுக்கு நின்ற ததேயுஸ் பதறிப்போய் ஒருவனை உலுக்கப் போனார். துரை அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவர்களைத் தடைசெய்யாதேயும். எழுதுமுன் பெலன் கேட்கிறார்கள்."

பிறகு சப்தம் வராதபடி துரை தம் பூட்ஸைக் கழற்றி வைத்தார். பகவதியப்பன் காக்கை ஓட்டுகிற கம்போடு வெளியே நிறுத்தப்பட்டார். இரண்டரை மணி நேரம் அந்த ஹாலில் ஓர் ஈகூடத் தொந்தரவு செய்யவில்லை.

கடைசி எச்சரிக்கை மணியில் நேசையன் விழித்தான். ஒரு கணக்குக்கும் பாதிக் கணக்குக்கும் நேரமிருந்தது. அதைப் போட்டான். அவசரத்தில் எழுத்தெல்லாம் கோணலாகப் போயிற்று. வெளியே வந்து வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவன் விம்மி விம்மி அழுதான். வைகுண்டராஜன் பக்கத்தில் வந்து நின்றான். அவன் தாளில் பேர் மட்டும்தான் இருந்தது.

ரிசல்ட் வந்தபோது கல்லூரியில் ஒருவனும் கணக்கில் தேறவில்லை. நேசையன் இராஜாக்கமங்கலத்துக்குப் போய் அக்காவிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். லீலாபாய் லேஸ் ஊசியைக் கீழே வைத்தாள்.

"பரீட்சை ஹாலிலயா ஒறங்கின?"

"ஆமாக்கா."

"ரெண்டரை மணிக்கூறும்?"

"ஆமா."

அவள் அடிப்பாள் என்றுதான் எதிர்பார்த்தான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்தமட்டுக்காவது எம்புள்ள ஒறங்கிச்சே," என்று சொல்லி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. கொஞ்சம் கழித்து, செப்டம்பரில் மறுபரீட்சை உண்டு, அதை எழுதும்வரை ஜான்ரோஸ் காத்திருப்பார், காத்திருக்காவிட்டால் போகட்டும் என்றாள். "அந்தக் கமிட்டிகாரங்க கூப்பிட்டா போ. உள்ளத உள்ளபடி சொல்லிட்டு வந்துரு."

கமிட்டி கூப்பிட்டது. விஷயம் பெரிதாகையால் துரை தம் மத்தியானத் தியானத்தையே தியாகம் செய்திருந்தார். ஜூன் மாத மத்தியானம். மழைக்கு முந்தின புழுக்கம். எல்லோரும் அயிலை மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

"ஏன் தோற்றோம்? ஒளிக்காமல் சொல்," என்றார் துரை.

"ஒறங்கிட்டோம் சார்," என்றான் நேசையன். "பரீட்சைல மட்டுமில்ல. மாசக்கணக்கா ஜெபத்துல ஒறங்கினோம். வேற எங்கயும் ஒறங்க விடல. அதுதான் காரியம்."

துரையின் முகம் மலர்ந்தது.

"பார்த்தீர்களா, எப்பேர்ப்பட்ட தாழ்மை! இரவும் பகலும் முழங்காலில் நின்றவன், தன்னை உறங்கினவன் என்று சொல்லிக்கொள்கிறான்."

"எங்கள் காலத்துப் பையன்களிடம் இந்த அடக்கம் கிடையாது," என்றார் ஆங்கில ஆசிரியர்.

ததேயுஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். பையன்கள் இவ்வளவு நேரம் செலவிட்டும் தேறவில்லையென்றால், செலவிட்ட நேரம் போதவில்லை என்பதே விடை. இதற்கு ஆட்சேபம் சொல்ல யாராலும் முடியவில்லை. தினமும் இன்னொரு மணி நேரம் கூட்டுவது, தோற்ற பையன்கள் புதிய அட்டவணைப்படி முழு வருஷமும் திரும்ப வாசிப்பது, அவர்களுக்கு நேசையனையே தலைவனாக வைப்பது என்று முடிவாயிற்று.

"முடிவு ஜெபம் செய்வோமாக," என்றார் துரை.

நேசையனின் இமை கனத்தது. முழங்கால் மடங்கிற்று. லேஸ் ஊசி அவன் ஞாபகத்துக்கு வந்தது. நாக்கில் ரத்தம் வரும்படி கடித்துக்கொண்டு, ஆறு மாதத்தில் முதல் தடவையாக, ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறந்தான்.

சரித்திர ஆசிரியர் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்திருந்தார். ஆங்கில ஆசிரியரின் மோவாய் மார்பில் பதிந்திருந்தது. ஜெபம் சொன்ன ததேயுஸ் ஐரோப்பாவைத் தாண்டவில்லை, பிரான்சு தேசத்தோடு சொல் நின்று மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. நித்திரை இன்னதென்று அறியாத ஹார்க்னெஸ் துரை கமிட்டி மேஜைமேல் கன்னத்தை வைத்துத் தியானித்துக்கொண்டிருந்தார். மூக்கிலிருந்து சத்தம் வந்தது.

நேசையன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். மணியின் கயிற்றைப் பிடித்தபடி பகவதியப்பன் நின்றிருந்தார்.

"முடிஞ்சாச்சா?"

"ஜெபத்துல இருக்காங்க அண்ணாச்சி. நல்ல பலமான ஜெபம். மணி கிணி அடிச்சிராதீங்க."

பகவதியப்பன் ஜன்னல் வழியாக ஒரு தரம் எட்டிப் பார்த்தார். கயிற்றை விட்டுவிட்டுக் கம்பை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனார். அன்று கல்லூரியில் எந்த மணியும் அடிக்கவில்லை. பையன்கள் விளக்கு வைக்கிற நேரம்வரை பாயை விரித்து உறங்கினார்கள்.

நேசையன் திரும்பிப் போகவில்லை. வீட்டில் ராத்திரி உறங்கினான், பகலில் கொஞ்சம் படித்தான், மிச்ச நேரத்தில் அக்காவுக்கு நூல் சிக்கெடுத்துக் கொடுத்தான். செப்டம்பரில் திருவனந்தபுரத்தில் போய்ப் பரீட்சை எழுதினான். அங்கே யாரும் ஜெபம் செய்யவில்லை. கணக்கில் முதல் வகுப்பு, சர்க்கார் வேலையும் கிடைத்தது. தை மாதம் லீலாபாய்க்கும் ஜான்ரோசுக்கும் கல்யாணம். போதகர் ஜெபத்தை ஆரம்பித்தபோது வைகுண்டராஜன் நேசையனை நுள்ளினான், நேசையன் வைகுண்டராஜனை நுள்ளினான், கல்யாணம் ஒழுங்காக நடந்தது.

கல்லூரிக்கும் பெருமைதான். தங்கள் ஜெபவீரன் முதல் வகுப்பில் தேறினான் என்ற செய்தி சீமைவரைக்கும் போயிற்று. அவன் ஒவ்வொரு நிமிஷத்தையும் எப்படிச் செலவிட்டான் என்று துரை கோவிலில் ஒரு மணி நேரம் பேசினார். அந்த வெற்றியின் நினைவாக அட்டவணையில் புதிதாக ஒரு மணி சேர்க்கப்பட்டது, கட்டாயம், வீட்டுப்பாடம் உட்பட. அதற்கு 'நேசையன் நேரம்' என்று பெயர் வைத்தார்கள்.

மணி அடித்ததும் பையன்கள் வரிசையாக வந்து, பெஞ்சில் நெற்றியை வைத்து, நேசையனை நன்றியோடு நினைத்துக்கொண்டு கண்ணை மூடினார்கள்.